நிக்ஸ்ஓஎஸ்: மாட்யூல் எழுதுகிறவருக்கே முழுப் பலன்

நிக்ஸ்ஓஎஸ் என்கிற லினக்ஸ் வகை பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் ரோல்பேக்கைத்தான் புகழ்கிறார்கள். அப்டேட் சொதப்பினால் பூட் மெனுவில் முந்தைய ஜெனரேஷனை (சிஸ்டத்தின் முந்தைய பதிப்பை) தேர்ந்தெடுத்தால் போதும், பழைய நிலை அப்படியே திரும்பிவிடும். உண்மைதான். ஆனால் அதை மட்டும் நம்பி மாறியவர்கள் கொஞ்ச நாளில் அலுத்துப்போய் டெபியனுக்கே திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். என்னை இதில் பிடித்து வைத்திருப்பது மாட்யூல் முறை, அதாவது சிஸ்டத்தின் அமைப்பைத் தனித்தனி ஃபைல்களாகப் பிரித்து எழுதுவது. சொந்தமாக மாட்யூல் எழுத ஆரம்பிக்கும் வரை இந்தச் சிஸ்டத்தின் பாதிப் பலன்தான் கைக்கு வரும் என்பது என் கட்சி. அதனால் டெஸ்க்டாப் அழகு, பேட்டரி எல்லாவற்றையும் விட்டுவிட்டு மாட்யூலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எங்களுடையது சின்னப் புத்தக வடிவமைப்பு அலுவலகம். அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. லேஅவுட் செய்பவர்களுக்கு இன்டிசைன் வேண்டும், அது லினக்ஸில் ஓடாது, ஆகவே அந்த மெஷின்கள் விண்டோஸிலேயே இருக்கின்றன. அவற்றை மாற்றச் சொல்லி நான் யாரிடமும் மல்லுக்கட்டவில்லை. மெய்ப்பு பார்க்கிறவர்களின் மேசைகளிலும், பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுப்பது) ஓட்டும் ஒரு மெஷினிலும் மட்டும் நிக்ஸ்ஓஎஸ்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: எந்த சாஃப்ட்வேர் இருக்க வேண்டும், எந்த சர்வீஸ் ஓட வேண்டும், எந்தப் போர்ட் திறந்திருக்க வேண்டும் என்று ஃபைலில் எழுதி வைத்தால், அந்த எழுத்திலிருந்து மொத்த சிஸ்டமும் கட்டப்படும். ஒரு வரியை அழித்துவிட்டு ரீபில்ட் செய்தால் அந்தச் சங்கதியே சிஸ்டத்திலிருந்து போய்விடும். மெஷின்களைத் தானாக அமைக்கப் பலரும் பயன்படுத்தும் அன்சிபிளில் இது நடக்காது. அதன் பிளேபுக்கில் (செய்ய வேண்டியதை எழுதும் ஃபைலில்) வரியை எடுத்துவிட்டாலும் ஏற்கெனவே போட்ட பேக்கேஜ் மெஷினில் உட்கார்ந்துகொண்டுதான் இருக்கும். இதற்கெல்லாம் அடிப்படையான நிக்ஸ் என்கிற கருவியை எல்கோ டோல்ஸ்ட்ரா 2003-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு வேலையாகத் தொடங்கினார். அதன் மேல் எழுந்ததுதான் நிக்ஸ்ஓஎஸ். ஆய்வுக்கூடத்தில் பிறந்த வாசனை இன்னும் போகவில்லை, நல்ல விதத்திலும் கெட்ட விதத்திலும்.

சரி, மாட்யூல். ஒரு மாட்யூலில் மூன்று பகுதிகள்தான்: வேறு எந்த ஃபைல்களைச் சேர்ப்பது என்கிற இம்போர்ட்ஸ், வெளியிலிருந்து திருப்பக்கூடிய குமிழ்கள் எவை என்கிற ஆப்ஷன்ஸ், அந்தக் குமிழ்களைத் திருப்பினால் சிஸ்டத்தில் என்ன நடக்கும் என்கிற கன்ஃபிக். புதிதாக வருகிறவர்கள் கன்ஃபிக்கை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒரு லேப்டாப் என்றால் அதுவே போதும். ஒன்றுக்கு மேல் மெஷின் வந்ததும், ஃபைலை காப்பி செய்து அங்கங்கே மாற்றுகிற பழைய பழக்கம் தலைதூக்கும். ஆப்ஷன்ஸ் எழுதத் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

எங்கள் மேசைகளின் கதையையே சொல்கிறேன். மெய்ப்பு பார்க்கும் பெரியவர் ஒருவர் அந்தக் காலத்தில் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர். அவர் விரலுக்குத் தட்டச்சு அமைப்பைத் தவிர வேறெதுவும் வராது. இளையவர்களில் சிலருக்குத் தமிழ்99, மற்றவர்களுக்கு ஒலிபெயர்ப்பு முறை. ஷிஃப்ட் மாறி உட்காரும்போது யாராவது கீபோர்டை மாற்றி வைத்துவிட்டுப் போவார்கள். மறுநாள் காலை பெரியவரின் குரல் வரும்: "தம்பி, நான் அடிக்கிறது ஒண்ணு, வர்றது ஒண்ணா இருக்கு. கொஞ்சம் வந்து பாரேன்."

இதற்கு நான் எழுதிய மாட்யூலில் குமிழ்கள் கொஞ்சம்தான். 'தமிழ் வேண்டுமா' என்கிற ஆம்-இல்லை குமிழ். அதற்கு எம்கே எனேபிள் ஆப்ஷன் என்று ஒரு குறுக்குவழி தயாராக இருக்கிறது. 'எந்த அமைப்பு' என்கிற குமிழ். அதன் டைப் 'எனம்' (enum), அதாவது தமிழ்99, ஒலிபெயர்ப்பு, தட்டச்சு மூன்றில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். கடைசியாக 'பூட்டலாமா' என்று இன்னொன்று. ஒவ்வொரு மேசைக்கும் தனி ஃபைல், அதில் இரண்டே வரி: தமிழ் வேண்டும், அமைப்பு தட்டச்சு. மற்றதெல்லாம் மாட்யூலின் வயிற்றுக்குள்.

அந்த வயிற்றுக்குள் நடப்பது: இன்புட் மெத்தடை (தட்டுவதைத் தமிழ் எழுத்தாக்கும் கருவியை) ஐபஸ் என்று வைக்கிறது, அதன் எஞ்சின் பட்டியலில் எம்17என் சேர்க்கிறது (தமிழ்99, தட்டச்சு, ஒலிபெயர்ப்பு மூன்றும் அதில் வந்துவிடுகின்றன), லோஹித் தமிழும் நோட்டோவும் எழுத்துருப் பட்டியலுக்குப் போகின்றன, டெஸ்க்டாப்பான க்னோம் தன் அமைப்புகளை வைத்திருக்கும் டிகான்ஃப் தரவில் கீபோர்டு பட்டியலை எழுதுகிறது. 'பூட்டு' போட்டிருந்தால் அதே டிகான்ஃப் விசையை லாக் பட்டியலிலும் சேர்த்துவிடுகிறது. அதன் பிறகு யாரும் அந்த மேசையில் கீபோர்டு பட்டியலை மாற்ற முடியாது. பெரியவர் இப்போதெல்லாம் பேப்பர் ஜாம் ஆனால்தான் கூப்பிடுகிறார்.

தட்டச்சு என்பதில் ஒரு எழுத்தை விட்டுவிட்டு ரீபில்ட் செய்தால், எந்த ஆப்ஷன், எந்த ஃபைல், என்ன மதிப்பு வந்தது, என்னென்ன மதிப்புகள் வரலாம் என்று நான்கையும் சொல்லிவிட்டு நின்றுவிடும். ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தைத் தொடவே தொடாது. ஷெல் ஸ்கிரிப்டில் இதே பிழை பாதி வேலை முடிந்த பிறகுதான் தெரியவரும். டைப் எழுதும் சோம்பலை ஒருமுறை தாண்டியவர்கள் திரும்பிப் போக மாட்டார்கள்.

ஆனால் இந்தக் காவலுக்கும் எல்லை உண்டு. கீபோர்டு பட்டியலில் ஒவ்வொரு உருப்படியும் ஒரு ஜோடி: முதலில் 'ஐபஸ்', அடுத்து 'எம்17என்:டிஏ:தமிழ்99' என்பது போன்ற பெயர். இந்த ஜோடியை எம்கே டப்பிள் (mkTuple) என்ற ஃபங்க்ஷனில் சுற்றித் தர வேண்டும். சாதாரண லிஸ்ட்டாக எழுதினாலும் நிக்ஸ் ஒன்றும் சொல்லாது, ரீபில்ட் சுத்தமாக முடியும். க்னோம் மட்டும் வடிவம் பொருந்தவில்லை என்று அதை ஓரமாக வைத்துவிட்டு, தன் சொந்த இயல்புநிலையைக் காட்டும். ஒரு எரர் கிடையாது. நிக்ஸ்ஓஎஸ் தன் எல்லைக்குள்தான் கறாரானது. அது எழுதித் தரும் ஃபைலைப் படிக்கப்போகும் புரோகிராமுக்கு என்ன வேண்டும் என்பது நாம் சொல்லிக் கொடுத்தால்தான் அதற்குத் தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இணைப்பு, அதாவது மெர்ஜ். ஸ்கேன் மாட்யூல், ஃபைல் பகிரும் சாம்பாவுக்காக ஃபயர்வாலில் 445-ஐத் திறக்கச் சொல்கிறது. தூரத்திலிருந்து மெஷினுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் மாட்யூல் 22-ஐச் சேர்க்கிறது. பிரிண்டர் பக்கத்திலிருந்து 631. மூன்று ஃபைலும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. ஆனாலும் அனுமதித்த போர்ட் பட்டியல் என்ற ஒரே ஆப்ஷனில் மூன்றும் சேர்ந்துவிடும், ஏனென்றால் அதன் டைப் லிஸ்ட். லிஸ்ட் என்றால் ஒட்டிக்கொள்ளும், பெயர்-மதிப்புத் தொகுப்பு என்றால் பெயர்வாரியாகக் கலக்கும், ஒற்றை மதிப்பு என்றால் இரண்டு பேர் வேறுவேறு சொன்னால் சண்டை என்று நின்றுவிடும். ஸ்கேன் மாட்யூலை எடுத்துவிட்டால் 445 தானாக மூடிக்கொள்ளும். பழைய முறையில் ஃபயர்வால் விதிகளைத் திறந்து 'இது எதற்குப் போட்டது, எடுக்கலாமா' என்று யோசித்துக்கொண்டு நின்றவர்களுக்குத்தான் இந்த நிம்மதியின் மதிப்பு தெரியும்.

சண்டை வந்தால் யார் சொல் எடுபடும் என்பதற்கு எண் இருக்கிறது. சும்மா எழுதினால் 100. எம்கே டிஃபால்ட் போட்டால் 1000, எம்கே ஃபோர்ஸ் போட்டால் 50. சின்ன எண்தான் ஜெயிக்கும். மாட்யூல் எழுதுகிறவர் தன் விருப்பங்களை எம்கே டிஃபால்ட்டில் வைப்பதுதான் மரியாதை. நேர மண்டலம் ஆசியா/கொல்கத்தா என்று நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். எந்த மேசையும் விருப்பப்பட்டால் மேலே எழுதிக்கொள்ளலாம். எம்கே ஃபோர்ஸை அங்கங்கே தெளித்து வைத்திருக்கும் கன்ஃபிக்கைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம்தான். அங்கே ஏதோ ஒரு சண்டை தீர்க்கப்படாமல் அமுக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொரு நல்ல குணம், இதில் உயர்ந்தது தாழ்ந்தது இல்லை. எஸ்எஸ்எச், நெக்ஸ்ட்கிளவுட், போஸ்ட்கிரெஸ் என்று சிஸ்டத்தோடு வரும் மாட்யூல்களும் இதே மொழியில், இதே ஃபங்க்ஷன்களை வைத்து எழுதப்பட்டவைதான். எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் அவற்றில் ஒன்றைத் திறந்து படிக்கலாம். பிடிக்கவில்லையென்றால் அதை முடக்கிவிட்டு நம்முடையதை அந்த இடத்தில் வைக்கலாம்.

இனி வசை. முதலில் அந்தப் புகழ்பெற்ற 'முடிவில்லாத சுழற்சி' எரர். புதியவர் ஒருவர் மாட்யூல் எழுதும்போது இயல்பாக என்ன செய்வார்? கன்ஃபிக் பகுதியின் தலையில் 'இந்தக் குமிழ் ஆன் என்றால் இதெல்லாம், இல்லையென்றால் ஒன்றுமில்லை' என்று சாதாரண இஃப் போடுவார். எந்த மொழியிலும் அதுதானே வழக்கம். இங்கே அது சுழலில் மாட்டிக்கொள்ளும். குமிழின் மதிப்பு தெரிய வேண்டுமென்றால் எல்லா மாட்யூல்களின் கன்ஃபிக்கும் சேர்ந்து முடிய வேண்டும், இந்த மாட்யூல் எதையெல்லாம் தொடுகிறது என்பது உட்பட. இந்த மாட்யூல் எதைத் தொடுகிறது என்பது தெரிய வேண்டுமென்றால் குமிழின் மதிப்பு தெரிய வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும். எம்கே இஃப் என்று ஒன்று இருப்பது இதற்காகத்தான். அது நிபந்தனையை வெளியே வைக்காமல் உள்ளே ஒவ்வொரு ஆப்ஷன் மீதும் இறக்கி வைத்துவிடும். அப்போது 'எதைத் தொடுகிறோம்' என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும், 'என்ன மதிப்பு' என்பது மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாகிவிடும். இம்போர்ட்ஸுக்கு அந்தக் குறுக்குவழியும் கிடையாது. எந்த ஃபைலைச் சேர்ப்பது என்பது கன்ஃபிக்கைப் பார்த்து முடிவாகவே கூடாது.

விளங்கிவிட்டால் இது அழகான ஏற்பாடு. ஆனால் விளங்க வைக்க வேண்டிய எரர் மெசேஜ், உங்கள் ஃபைலின் பெயரைச் சொல்லாமல் லைப்ரரியின் உள்ளே எங்கோ ஒரு வரியைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். முழுத் தடத்தையும் காட்டச் சொல்லி ஷோ-ட்ரேஸ் போட்டால் திரை நிறைய ஓடும், அதில் உங்களுடைய ஒரே வரி நடுவில் எங்காவது ஒளிந்திருக்கும். டைப் பிழைக்கு இவ்வளவு தெளிவாகப் பேசுகிற அதே சிஸ்டம் இங்கே மட்டும் ஏன் வாயை மூடிக்கொள்கிறது என்று எரிச்சலாக வரும். செமிகோலன் விட்டுப்போனால் அடுத்த வரியைத் திட்டுவது தனிக்கதை.

ஃப்ளேக் முறையில், அதாவது கன்ஃபிக்கையும் அது சார்ந்தவற்றின் பதிப்புகளையும் ஒரே கட்டாகப் பூட்டி வைக்கும் முறையில், எழுதுகிறவர்களுக்கு இன்னொரு எரிச்சல். புதிய மாட்யூல் ஃபைலை உருவாக்கி, இம்போர்ட்ஸிலும் சேர்த்து, ரீபில்ட் அடித்தால் அந்த ஃபைலே இல்லை என்று சொல்லும். கண் முன்னால் இருக்கிறது, எல்எஸ் போட்டால் தெரிகிறது. காரணம், கிட்டில் (ஃபைல் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி) சேர்க்காத ஃபைல் அதன் கண்ணுக்குத் தெரியாது. கமிட் கூட வேண்டாம், கிட் ஆட் செய்தால் போதும். 2021-இல் நிக்ஸ் 2.4-உடன் ஃப்ளேக் 'பரிசோதனை' என்ற முத்திரையோடு வந்தது. அந்த முத்திரையைக் கழற்றாமலே வருடங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. நடைமுறையில் அதைத்தான் பலரும் பயன்படுத்துகிறார்கள்.

ரகசியங்களைப் பற்றி எச்சரிக்காமல் விட முடியாது. எல்லாம் கட்டப்பட்டுப் போய்ச் சேரும் நிக்ஸ் ஸ்டோரை மெஷினில் உள்ள எவரும் படிக்கலாம். பாஸ்வேர்டை மாட்யூலில் நேராக எழுதினால் அது அங்கே போய் உட்கார்ந்துவிடும். அதனால் குமிழை 'பாஸ்வேர்டு' என்று வைக்காமல் 'பாஸ்வேர்டு இருக்கும் ஃபைல்' என்று வைப்பதே வழக்கம். அதிலும் ஒரு பொறி. மேற்கோள் குறி இல்லாமல் பாதையாக எழுதினால், நிக்ஸ் அந்த ஃபைலையே அக்கறையாக ஸ்டோருக்குள் காப்பி செய்துவிடக்கூடும். மேற்கோளுக்குள் சரமாக எழுத வேண்டும். ரகசியங்களைப் பூட்டி வைக்கும் ஏஜ்நிக்ஸ், சாப்ஸ்-நிக்ஸ் இரண்டில் ஒன்றை முதலிலேயே போட்டுக்கொள்வது நல்லது. இவ்வளவு முக்கியமான ஒன்றுக்கு வெளியாள் செய்த கருவியைத் தேடிப் போக வேண்டியிருப்பது இந்தச் சிஸ்டத்தின் பெரிய ஓட்டை என்பேன்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மே மாதமும் நவம்பரும், புது வெளியீடு. பழையதற்கு அதன் பிறகு ஒரு மாதம்தான் தவணை. இந்த வேகத்தில் ஆப்ஷன் பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும். எழுத்துருப் பட்டியல் 23.11 வெளியீட்டில் ஃபாண்ட்ஸ்.ஃபாண்ட்ஸ் என்பதிலிருந்து ஃபாண்ட்ஸ்.பேக்கேஜஸ் ஆனது. இன்புட் மெத்தடின் 'எனேபிள்ட்' என்ற ஒரே குமிழ் 24.11-இல் எனேபிள், டைப் என்று இரண்டாகப் பிரிந்தது. என் கீபோர்டு மாட்யூலில் இரண்டும் இருந்தன. ஆனால் மேசை ஃபைல்கள் எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. மாட்யூலின் உள்ளே மாற்றினேன், முடிந்தது. நியாயமாகச் சொன்னால், இப்படிப் பெயர் மாறும்போது பெரும்பாலும் 'இது இப்போது அது' என்று எச்சரித்துவிட்டுப் பழையதையும் ஏற்றுக்கொள்கிறது. அந்த ஏற்பாட்டை நம் சொந்த ஆப்ஷன்களுக்கும் வைத்துக்கொள்ளலாம், ஒரே வரி.

ஸ்கேன் மாட்யூலில் நான் ரசித்து எழுதியது சப்மாட்யூல், அதாவது ஒரு குமிழுக்குள் இன்னொரு குமிழ்த் தொகுதி. ஒவ்வொரு தொகுப்புக்கும் ஒரு பெயர், அதன் கீழ் ஃபோல்டர் எது, மொழி தமிழ் மட்டுமா தமிழும் ஆங்கிலமுமா, சாய்ந்த பக்கத்தை நிமிர்த்த வேண்டுமா என்று சில குமிழ்கள். அதிலிருந்து ஒவ்வொரு தொகுப்புக்கும் ஒரு சிஸ்டம்டி சர்வீஸும் (பின்னணியில் ஓடும் வேலை), ஃபோல்டரைக் கவனிக்கும் பாத் யூனிட்டும் தானாக உருவாகும். பிடிஎஃப் விழுந்ததும் ஓசிஆர்மைபிடிஎஃப் ஓடும். புதிய தொகுப்பு என்றால் நான்கு வரி சேர்த்தால் ஆயிற்று. (1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, துதிக்கை வைத்த 'லை'யும் 'னை'யும் வரும் புத்தகங்களில் ஓசிஆர் தடுமாறும். அது எழுத்தைப் படிக்கும் எஞ்சினான டெசராக்ட்டின் பாடு, நிக்ஸின் குற்றமில்லை.) ஸ்கேனரை இணைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. ஒரு நிறுவனம் தந்த டிரைவர், சாதாரண லினக்ஸில் லைப்ரரிகள் இருக்கும் இடத்திலேயே இங்கும் இருக்கும் என்று நம்பித் தேடுகிற ரகம். நிக்ஸ்ஓஎஸில் அந்த இடத்தில் எதுவும் இருக்காது. தேடும் இடத்தை ஒட்டுப்போட்டுத்தான் ஓட வைக்க முடிந்தது.

நாம் எழுதும் ஆப்ஷன்களுக்கான விளக்கம் கையேட்டுப் பக்கத்தில் தானாக வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். 'எல்லா மாட்யூலையும் சேர்' என்ற குமிழைத் திருப்பினால்தான் வரும். திருப்பிய பிறகு, விளக்கம் எழுதாத ஆப்ஷன் ஒன்று இருந்தாலும் பில்ட் நின்றுவிடும். அலுவலகத்தில் எனக்குப் பிறகு இதைப் பார்க்கப்போகிறவரை நினைத்து நான் அதைத் திருப்பி வைத்திருக்கிறேன். ஆனால் அந்த ஆள் கிடைப்பாரா என்பதுதான் கேள்வி. உபுண்டு தெரிந்தவரைத் தெருவுக்கு ஒருவராகப் பிடிக்கலாம், நிக்ஸ் தெரிந்தவரை அப்படிப் பிடிக்க முடியாது. நிர்வாகம் இதைக் கேட்டால் பதில் சொல்லத் தயாராக இருங்கள்.

டிஸ்க்கும் கொஞ்சம் தாராளமாக வேண்டும். பழைய ஜெனரேஷன்கள் இடத்தைத் தின்றுகொண்டே இருக்கும். முப்பது நாளுக்கு மேற்பட்டதைத் தானாகக் கூட்டிப் பெருக்கச் சொல்லி ஒரு குமிழ், பூட் மெனுவில் எத்தனை ஜெனரேஷன் என்று வரம்பு வைக்க ஒரு குமிழ். இரண்டையும் முதல் நாளே போட்டுவிடுங்கள். பூட் பார்ட்டிஷன் சின்னதாக இருந்தால் இரண்டாவது கட்டாயம்.

மாட்யூல் எழுதிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் லேப்டாப்பை அழித்து நிக்ஸ்ஓஎஸ் போட வேண்டிய அவசியமே இல்லை. இருக்கிற உபுண்டுவிலேயே நிக்ஸை மட்டும் நிறுவி, கன்ஃபிக்கை ஒரு விர்ச்சுவல் மெஷினாகக் கட்டச் சொல்லலாம். அதை ஓட்டும் க்யூஈமுவில் எழுந்து நிற்கும். நான் எந்த மாற்றத்தையும் மேசைக்கு அனுப்புமுன் அப்படித்தான் ஓட்டிப் பார்க்கிறேன். யூசருக்கு ஆரம்பப் பாஸ்வேர்டு ஒன்றைக் கன்ஃபிக்கில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் லாகின் திரையிலேயே நிற்க வேண்டியதுதான். இந்தப் பாஸ்வேர்டும் ஸ்டோருக்குத்தான் போகும், சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஓட்டிய ஃபோல்டரில் மெஷினின் பெயரோடு ஒரு கியூகௌ2 ஃபைல் உருவாகியிருக்கும். அது அந்த மெஷினின் டிஸ்க், அடுத்த முறையும் அதையேதான் எடுத்துக்கொள்ளும். க்னோமில் கீபோர்டைக் கையால் மாற்றிப் பார்த்திருந்தால் அந்த மாற்றம் அதில் தங்கிவிடும். டிகான்ஃப் வேலையைச் சோதிக்கும்போது ஒவ்வொரு தடவையும் அதை அழித்துவிட்டு ஓட்டுங்கள்.